கப்பலின் பகலும் காட்டின் பகலும்

அன்புள்ள மாணவிக்கு,

உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் தங்கும்போது, பயணிகள் கரையிறங்கிக் காட்டுயிர் பார்த்துத் திரும்புவதற்கென்று தரப்படும் கரைச்சுற்றுலாப் பட்டியல்களில், எந்தப் பூங்காவில் எந்த விலங்கு வாழ்கிறது என்பது பெரிய எழுத்தில் அச்சாகிறதே ஒழிய, அவ்விலங்கு வெளியே நடமாடும் வேளையும் கப்பல் கரையில் நிற்கும் வேளையும் ஒத்துவருமா என்பது எந்த மூலையிலும் அச்சாவதில்லை. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்குக் குடும்பத்தோடு கப்பலேறவிருக்கும் மாணவி, யால, உடவளவை, புந்தல, ரிதியகம ஆகிய நான்கில் எங்கே சென்றால் சிறுத்தையை உறுதியாகக் காணலாம் என்று கேட்டிருந்த கேள்வி, அப்பட்டியலின் மொழியிலேயே பிறந்த கேள்வி. அதற்கு நேராக விடை சொல்வது எளிது. ஆனால் கேள்வியே கோணலாக இருக்கும்போது நேரான விடையும் தவறான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால் இம்மடல் சற்று நீள்கிறது.

முதலில், இந்த நான்கும் ஒரே வகையான இடங்கள் அல்ல. யால, உடவளவை, புந்தல ஆகிய மூன்றும் தேசியப் பூங்காக்கள். அதாவது வேலியிட்டு விலங்குகளைக் கொண்டுவந்து விட்ட இடங்களாக இல்லாமல், அங்கேயே பிறந்து அங்கேயே இரைதேடும் உயிர்களுக்காகச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட நிலங்கள். ரிதியகமவோ 2016இல் திறக்கப்பட்ட, 500 ஏக்கர் பரப்புள்ள, இலங்கையின் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களம் நடத்தும் திறந்தவெளி விலங்குக்காட்சிச்சாலை. அங்கே பேருந்தில் அமர்ந்தபடி காணக்கிடைக்கும் சிங்கம் இலங்கைக் கொடியில் இருக்கும் சிங்கத்துக்கு உறவு கொண்டாடலாமேயன்றி, இன்றைய இலங்கைக் காடு எதிலும் பிறந்ததன்று. (குருவிட்ட என்னுமிடத்தில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று தொல்லுயிர் ஆய்வாளர் தெரணியகல 1939இல் எழுதினார் என்பது வேறு கதை.) குழந்தைகளோடு செல்வோர்க்கு ரிதியகம நல்ல இடமே, அதைக் காடு என்று எண்ணிக்கொண்டு போவதுதான் பிழை. இக்குழப்பத்துக்குப் பெரும்பங்கு 'சஃபாரி' என்ற சொல்லினுடையது. அரபியில் பயணத்தைக் குறிக்கும் சொல்லின் வழியே சுவாகிலிக்கு வந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவிய அச்சொல், இன்று ஜீப்பில் ஏறும் எதற்கும் பெயராகிவிட்டது. பட்டியலில் அச்சொல்லைக் கண்டதும், விலங்கு கூண்டுக்கு வெளியே பிறந்ததா என்று கேட்கும் பழக்கம் வரவேண்டும்.

இன்னொரு சொல்லையும் தெளிவுபடுத்தாமல் மேலே செல்ல இயலாது. மாணவியின் கடிதத்தோடு இணைந்திருந்த படத்தில் காணப்பட்டது சிறுத்தை அன்று, சிவிங்கி. இரண்டும் புள்ளியுள்ள பூனையினத்தவையே எனினும், சிறுத்தையின் உடலில் இருப்பவை நடுவில் நிறம் மாறிய வளையங்கள், சிவிங்கியின் உடலில் இருப்பவை முழுக் கறும்பொட்டுகள்; சிவிங்கியின் கண்ணிலிருந்து வாயோரம் வரை மைக்கோடு இறங்கும், சிறுத்தைக்கு அது இல்லை. நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தபோது, 'சிறுத்தைகள் இந்தியாவுக்குத் திரும்பின' என்று எழுதிய தமிழ்ச் செய்திகளைப் படித்தவர்களுக்கு, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் அன்றாடம் திரியும் விலங்கு எப்போது நாட்டைவிட்டுப் போயிற்று என்ற ஐயம் எழுந்திருக்க வேண்டும். தமிழில் சொல் இல்லாமற்போன இடத்தில் தவறலாம். சிவிங்கி என்ற சொல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலேயே இருக்கும்போது தவறுவதற்கு நியாயம் கிடையாது. யாலவில் இருப்பது சிறுத்தை மட்டுமே. சிவிங்கியும் இல்லை, வேங்கையும் இல்லை.

வேங்கையும் சிங்கமும் இல்லாத தீவில் சிறுத்தையே உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்பதால், வேங்கைக்கு அஞ்சி ஒதுங்கும் இந்தியச் சிறுத்தையைக் காட்டிலும் இலங்கைச் சிறுத்தை சற்றுத் துணிந்து திறந்தவெளியில் நடமாடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1900இல் காப்பிடமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட யாலவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீட்டர். ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்ட அதில், பயணிகள் பெரும்பாலும் செல்லும் முதற்பிரிவு 141 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அச்சிறு பரப்பு உலகில் சிறுத்தை மிக நெருக்கமாக வாழும் இடங்களுள் ஒன்று என்பது உண்மை. பட்டியல் சொல்லும் உண்மை அதோடு முடிந்துவிடுகிறது. சொல்லாத உண்மை அங்கிருந்து தொடங்குகிறது.

ஊனுண்ணிக்கும் தாவரவுண்ணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பல்லை வைத்தே பாடநூல்கள் விளக்குகின்றன. நேரத்தை வைத்து விளக்குவது அதைவிடப் பயனுடையது என்பது இம்மடலாசிரியரின் நெடுநாள் கருத்து. இறைச்சி செறிவான உணவு. ஒரு மானை வீழ்த்திய சிறுத்தைக்குச் சில நாள்களுக்குப் பசி தீர்ந்துவிடுகிறது. எனவே அது நாளின் பெரும்பகுதியைப் பாறையிடுக்கிலோ மரக்கிளையிலோ படுத்துக் கழித்து, வெயில் தாழ்ந்த அந்தியிலும் இரவிலும் விடியலிலும் எழுந்து நடக்கிறது. புல்லும் தழையுமோ செறிவற்ற உணவு. அதிலும் யானையின் வயிறு தான் உண்டதில் பாதியைக்கூடச் செரிக்காமல் வெளியேற்றிவிடுவதால், நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி திரட்ட அது பதினாறு மணி நேரம் போல மேய்ந்துகொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. ஒன்று ஓய்ந்திருக்கத் தக்க விலங்கு, மற்றொன்று ஓயமுடியாத விலங்கு. இவ்வொரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால், கரைச்சுற்றுலாப் பட்டியலைப் பாதிக்குமேல் தானே அடித்துவிடலாம்.

கப்பலின் கணக்கை இதனருகில் வைத்துப் பார்க்க. எடுத்துக்காட்டாக, கப்பல் காலை எட்டு மணிக்குத் துறையைச் சேர்ந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். குடிவரவுச் சோதனை முடிந்து பேருந்தில் ஏறும்போது ஒன்பது ஆகும். திஸ்ஸமகாராமவை அடைந்து ஜீப்புக்கு மாறிப் பலட்டுப்பான வாயிலைத் தொடும்போது பத்தரை. திரும்பும் வழிக்கும், புறப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும் கப்பலேறும் கடைசி நேரத்துக்கும் ஒதுக்கியது போக, காட்டுக்குள் கிடைப்பது பத்தரை முதல் ஒன்றரை வரையிலான மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடும் பூங்காவில், சிறுத்தை காண்பதற்குரிய முதல் இரண்டு மணி நேரத்தில் பயணி கப்பலில் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருக்கிறார். கடைசி இரண்டு மணி நேரத்தில் கப்பலின் மேல்தளத்தில் நின்று கரை விலகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பலுக்கு எது பகலோ அது காட்டுக்கு உறக்கம். வறண்ட மாதங்களில் நீர்நிலை சுருங்கும்போது நண்பகலிலும் சிறுத்தை நீரருந்த வருவதுண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் 'வருவதுண்டு' என்பதற்கும் 'உறுதி' என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. அந்த 'உறுதி'யை நம்பிப் பணம் கட்டியவர்களுக்காகவே, ஓரிடத்தில் சிறுத்தை தென்பட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தவுடன் ஜீப்புகள் புழுதி பறக்க அங்கே குவிகின்றன என்பதையும், அக்குவியலின் நடுவே கிடைப்பது பெரும்பாலும் முன்னால் நிற்கும் ஜீப்பின் முதுகுதான் என்பதையும் எண்ணிப் பார்க்க.

இந்த நிலத்தை அவசரமின்றிப் பார்த்த ஒருவரின் எழுத்தைப் பயணத்துக்கு முன் படிப்பது நன்று. வர்ஜீனியா உல்ஃபின் கணவராகப் பின்னாளில் அறியப்பட்ட லெனார்ட் உல்ஃப், யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கித் தமிழ் கற்று, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். உப்பளங்களில் உப்பு வாரும் பணியையும் மாடுகளைக் கொன்ற கொள்ளைநோயையும் பற்றி அவர் எழுதிய அலுவல் நாட்குறிப்புகள் பின்னர் நூலாக வந்தன. இப்பகுதிக் காட்டுச் சிற்றூர் ஒன்றைக் களமாக வைத்து அவர் எழுதிய நாவல் 1913இல் வெளியாயிற்று. அவர் காலத்தில் யாலக் காப்பிடத்துக்குக் காவலராக இருந்தவர் எங்கெல்பிரெக்ட் என்னும், பிரித்தானியரோடு போரிட்ட தென்னாப்பிரிக்கப் போயர் இனத்தவர். போர்க்கைதியாக இலங்கைக்கு வந்து, பிரித்தானிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் நாடு திரும்ப முடியாமல் தங்கிவிட்டவர். அவர்களுக்கு முன்பும் பின்பும் இக்காட்டைக் காலால் அளந்தவர்கள் கதிர்காம யாத்திரிகர்கள். உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண வழியாக யாலவுக்குள் புகுந்து, மாணிக்க கங்கையை நோக்கி நடக்கும் அப்பாதயாத்திரையில், வெயில் ஏறுமுன் நடப்பதும் உச்சிவேளையில் மரநிழலில் இளைப்பாறுவதும் எவரும் கற்பிக்காமலே அமைந்த ஒழுங்கு. சிறுத்தையும் அதையே செய்கிறது. உச்சிவேளையில் காட்டுக்குள் விரைவது கப்பற்பயணி ஒருவர்தாம்.

இனித் தேர்வுக்கு வருவோம். உடவளவை, வளவை கங்கையின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் அமைந்த பூங்கா. 308 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி புல்வெளியும் புதருமாக இருப்பதால், யானைக்கூட்டங்கள் மறைவதற்கு இடம் குறைவு, மேய்வதற்கு இடம் மிகுதி. முன்னர்ச் சொன்ன காரணத்தால் பதினொரு மணிக்கும் அவை மேய்ந்துகொண்டே இருக்கும். தந்தம் உள்ள ஆண்யானையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இலங்கையின் ஆண்யானைகளில் தந்தமுடையவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு, மற்றவை தமிழ்நாட்டுச் செய்திகளில் மக்னா என்று பெயர்பெற்ற தந்தமில்லா ஆண்களே. பூங்காவை அடுத்து 1995 முதல் இயங்கும் யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் இல்லத்தில், தாயை இழந்த குட்டிகளுக்குக் குறித்த வேளைகளில் பாலூட்டுவதை மேடையிலிருந்து பார்க்கலாம். தொடவோ குளிப்பாட்டவோ இயலாது. அதைக் குறையென்று கருதவேண்டா. அக்குட்டிகள் வளர்ந்தபின் காட்டுக்கே திருப்பி அனுப்பப்படுபவை. மனிதக் கைக்குப் பழகிய யானை காட்டுக்குத் திரும்பினால் ஊருக்குள் வரும். தொட அனுமதிக்கும் இடத்தைக் காட்டிலும் தொட அனுமதிக்காத இடமே மதிப்புடையது என்பதை ஒரு பொதுவிதியாகவே எழுதி வைத்துக்கொள்க.

புந்தல நான்கில் இரைச்சல் மிகக் குறைந்தது, துறைமுகத்துக்கும் அருகிலுள்ளது. 1993இல் தேசியப் பூங்காவான இது, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் இலங்கையிலிருந்து முதலில் சேர்க்கப்பட்ட இடம். உப்பங்கழி என்பது கடலோடு மணல்திட்டால் பாதி பிரிந்து நிற்கும் நீர்ப்பரப்பு. அதன் உவர்ப்பின் அளவே அதில் எந்தப் பூச்சியும் இறாலும் வாழும், அவற்றை உண்ண எந்தப் பறவை வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிரிந்தி ஓயாப் பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல ஆகிய கழிகளில் கலந்து உவர்ப்பைக் குறைத்ததால், ஒரு காலத்தில் புந்தலவுக்குப் பெயர் தேடித்தந்த பூநாரைகள் அருகிப்போயின. கோடியக்கரையின் உப்பளங்களில் பூநாரை பார்த்தவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். எனினும் நீர்வாத்துகளும் உள்ளான்களும் நாரைகளும் வலசைப் பருவத்தில் பகல் முழுதும் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். வலசைப் பருவம் என்பது ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் மாதத்தில் போனால் உள்ளூர்ப் பறவைகளும் முதலைகளும் உண்டு, சைபீரியாவிலிருந்து வருபவை இரா.

எனவே விலங்கின் வேளை, கப்பலின் வேளை ஆகிய இரண்டோடு மூன்றாவதாக நாட்காட்டியையும் பார்க்கவேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கான கப்பற்பயணம் 2023 ஜூனில் தொடங்கியது; அப்பருவத்தில் செல்வோர்க்கு உடவளவையே முதல் தேர்வு. சனவரியில் செல்வோர் புந்தலவைக் கருதலாம். செப்டம்பரில் யாலவைப் பட்டியலில் கண்டால், வறட்சியின் உச்சத்தில் முதற்பிரிவைச் சில வாரங்கள் மூடும் வழக்கம் உண்டென்பதால், திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டறிக. கப்பல் வழியாகப் பதிவுசெய்த சுற்றுலா தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். துறைமுக வாயிலில் தாமே அமர்த்திய வண்டி தாமதித்தால் காத்திராது. ஆதலால் தனிவண்டி அமர்த்துவோர் அருகிலுள்ள புந்தலவோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே என்பதால் கைக்கடிகாரத்தைத் திருத்தும் குழப்பமாவது இப்பயணத்தில் இல்லை.

சிறுத்தையைக் காணும் ஆசை தவறன்று. அதற்குரிய வழி, இன்னொரு முறை வந்து திஸ்ஸமகாராமவில் இரண்டு இரவு தங்கி, காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது வரிசையில் முதல் சில ஜீப்புகளுள் ஒன்றில் இருப்பது. இம்முறை, மாணவி அனுப்பிய படிவத்தில் 'யால — சிறுத்தை உறுதி' என்ற கட்டத்தில் இட்டிருந்த குறியை அழித்து, பயணம் ஜூனிலேயே என்பதால், உடவளவைக்கு நேராக இடுக. தொலைநோக்கியை மறவாமல் எடுத்துச் செல்க. திரும்பியபின் எழுதும் மறுமடலில், யானைகள் எத்தனை மணிக்கு என்ன மேய்ந்தன என்பதைக் குறித்து அனுப்புக. அதனுடன் படம் ஏதேனும் இணைத்தால், அதிலிருப்பது சிறுத்தையா சிவிங்கியா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு இணைப்பது நலம்.

நலம் விழையும்,
ஆசிரியர்