கனம் போட்டால் சத்தம் அடங்காது

அன்புள்ள தம்பி,

மூன்றாம் மாடி வீட்டில் பழைய மொசைக்கைப் பெயர்த்து டைல்ஸ் போடும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மேலே நாற்காலி இழுக்கும் சத்தத்தில் தூக்கமே இல்லை என்று கீழ் வீட்டுப் பெரியவர் புலம்புவதாக எழுதியிருந்தாய். கனமான டைல்ஸ் போட்டால் அடங்குமா என்றும் கேட்டிருந்தாய்.

அடங்காது. பேச்சும் டிவியும் காற்றில் வரும் சத்தம். அதைத் தடுக்கக் கனம் உதவும். காலடியும் நாற்காலியும் கான்கிரீட்டையே அதிரவைக்கின்றன. அதனால் ஸ்லாபுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு இருந்தே ஆக வேண்டும். கார்ப்பெட் நல்ல தீர்வுதான், ஆனால் தினமும் வாளித் தண்ணீரில் துடைக்கும் நம் வீடுகளுக்கு ஒத்துவராது.

அடுக்கும் முறை இதுதான்: ஸ்லாபின் மேல் 5 முதல் 10 மி.மீ. ரப்பர் அல்லது கார்க் ஷீட், அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் கம்பிவலை வைத்து 50 மி.மீ. கான்கிரீட், கடைசியில் டைல்ஸ். அந்தக் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் வரும். மொசைக்கோடு அதன் அடிக்கலவையையும் எடுத்தால் பாரம் ஓரளவு ஈடாகும். இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சரி சொல்லும்வரை ஒரு மூட்டை சிமென்ட்கூட மேலே ஏறக் கூடாது. கதவடி உயரத்தையும் முதலிலேயே அளந்துகொள்.

வேலை கெடுவது பெரும்பாலும் சுவரோரத்தில்தான். ஷீட்டை டைல்ஸ் மட்டம் தாண்டிச் சுவரில் மடித்து ஏற்று. கொத்தனார் பழக்கதோஷத்தில் ஓரத்தில் கலவையை அழுத்தி அடைப்பார்; சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்கை டைல்ஸ் மேலேயே உட்காரவைத்து ஒயிட் சிமென்ட் பூசுவார். அந்த மெல்லிய கோடு போதும், அதிர்வு சுவர் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஸ்கர்ட்டிங் அடியில் 3 மி.மீ. விட்டு சிலிக்கோன் நிரப்பு. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நீயே மண்டியிட்டு மூலைகளையும் தூணடியையும் தடவிப் பார். கட்டைவிரல் அளவு கிழிசல் இருந்தாலும் அதன் வழியே கலவை இறங்கி ஸ்லாபைத் தொட்டுவிடும். டேப் ஒட்டிய பிறகே கொட்டச் சொல்.

இந்த மாதிரித் தரைச் சத்தத்தை ஆய்வுக்கூடத்தில் 500 கிராம் சுத்தியல்கள் ஐந்தை 40 மி.மீ. உயரத்திலிருந்து நொடிக்கு மொத்தம் பத்து முறை விழவைத்துச் சோதிப்பார்கள். உனக்கு ஒரு மரநாற்காலி போதும். வேலைக்கு முன்பும் பின்பும் அதை மேலே இழுக்கச் சொல்லி, கீழ் வீட்டில் உட்கார்ந்து கேள்.

குழந்தைகள் குதிக்கும் 'தொம்' சத்தம் இந்த அடுக்கால் முழுதாகப் போகாது. அதை இரண்டு வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவிடு. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், மிக்ஸி அடியில் ரப்பர் பேட் கட்டாயம். ஃபெல்ட்டில் மண் ஏறினால் டைல்ஸைக் கீறும், அதனால் அவ்வப்போது மாற்றச் சொல்.

அன்புடன்,
அண்ணன்