நாற்பத்தொரு நாள்

2021-இல் காலடிப்பேட்டையில் போக்கியத்துக்கு வீடு பிடித்தோம். 3 லட்சம் ரூபாய். தாலிச் சங்கிலியைத் தவிர என் நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்திருந்தது. எங்கள் தெருவில் வாடகை ஏறிக்கொண்டே போனது. மாசம் பிறந்தால் வாடகைக்கு ஓடும் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். கணவருக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, எனக்குத் தையல்.

2023 ஆகஸ்டில் வங்கியிலிருந்து வந்து வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஓனர் அந்த வீட்டின் மேல் கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் இருந்திருக்கிறார். வந்த நோட்டீசு எதையும் எங்கள் கண்ணில் காட்டவில்லை.

நாத்தனார் வீட்டு மொட்டை மாடியில் ஆறு நாள் இருந்தோம். ஏழாம் நாள் அவர்கள் முகம் மாறியது தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் ஒரே அறைதான். அதன்பின் இரண்டு இரவு ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் பிளாட்பாரத்தில். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 7. நான் உட்கார்ந்தபடியே விடியவிட்டேன். அங்கே பூக்கட்டுகிற ஓர் அம்மா இரண்டாம் நாள் காலையில் கேட்டார்: "இன்னாம்மா, புள்ளைங்கள வச்சிக்கினு எத்தினி நாளு இங்க குந்தினு இருப்ப? கார்ப்பரேசனுக்குப் போன் போடு. வெக்கப்பட்டா ஆவுமா?"

அவர் சொன்ன எண் 1913. மாநகராட்சியின் இருபத்துநாலு மணி நேர எண். வீடற்றோர் காப்பகம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனைக்கும் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை.

போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி என்றுதான் பெரும்பாலான காப்பகங்கள் இருக்கின்றன. குடும்பமாகத் தங்கும் இடம் குறைவு. பையன் அப்பாவோடு ஓர் இடத்துக்கும், பெண்ணும் நானும் வேறிடத்துக்கும் போனோம். அன்று ராத்திரி அவன் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. குடும்பக் காப்பகம் வேண்டும் என்று அதன்பின் யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன், மனுவும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போன் செய்யும்போதும் முதலிலேயே "குடும்பமாக இருக்கிறோம், இடம் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள்.

அங்கே 33 நாள் இருந்தேன். பள்ளிக்கூடத்தை மட்டும் விடவில்லை. பிள்ளைகள் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போனார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் பெண்ணுக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. இடம் மாறியே ஆகவேண்டும் என்றாலும் டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது, கட்டாயக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது.

அடுத்தது காகிதங்கள். சீல் வைக்க வந்தபோது பதற்றத்தில் நான் எடுத்தது குக்கரையும் துணி மூட்டையையும். ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்று, அடகு ரசீது எல்லாம் பீரோவுக்குள் மாட்டிக்கொண்டன. அவற்றை மீட்க மட்டும் எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இவற்றையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். புயலுக்கும் உதவும். இன்னொன்று, வீடு இல்லாதவர்களுக்கும் ஓட்டு உண்டு. அவர்கள் படுக்கிற இடத்துக்கே இரவில் அதிகாரி வந்து பார்த்துப் பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது. பிளாட்பாரத்திலேயே பிறந்து வளர்ந்த வால்டாக்ஸ் ரோட்டுக் குடும்பங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பணத்துக்கு என்ன வழி? காப்பகத்துக்கு வந்த ஒரு தம்பி 15100 என்ற எண்ணைக் கொடுத்தார். சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். அவர்கள் ஓனரை அழைத்துப் பேசினார்கள். வங்கி மூலம் அனுப்பிய 1,75,000 ரூபாயை அவரால் மறுக்க முடியவில்லை. கையில் எண்ணிக் கொடுத்த 1,25,000-க்குச் சாட்சியும் இல்லை, ரசீதும் இல்லை. போனது போனதுதான்.

ஆகவே போக்கியத்துக்கு வீடு பார்க்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த வீட்டின் வில்லங்கத்தைப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கிப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். முத்திரைத்தாளில் 11 மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிற்காதீர்கள், பதிவு செய்யுங்கள். வாடகை வீடானாலும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவது கட்டாயம். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை. "போர்டு வீடு வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அங்கே மனுவை நேரில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

நாங்கள் வேறு வீடு பார்த்துப் போன இரண்டு மாதத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தது. பள்ளிக்கூட முகாம்களில் சோறு போட நானும் போனேன். தண்ணீர் வடிந்ததும் முகாமை மூடிவிடுவார்கள், காப்பகத்தை மூடமாட்டார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் வீடு போன ஒரு பாட்டி கோயில் வாசலுக்குப் போய்விட்டார். 14567, முதியோருக்கான எண். அதில் சொல்லி அவரைச் சேர்த்தோம்.

எங்கள் ஓனர் மாதம் 5,000 ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்தார். இதுவரை பதினாறு தவணை வந்திருக்கிறது.