ஈரக் குளிரில் புல்தரைப் பராமரிப்பு

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்தால் வீட்டுப் புல்தரை காய்வதே அரிது. அதைக் காப்பாற்றச் சில குறிப்புகள்:

* புல்லைக் கையால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் அன்று வெட்டாதீர்கள். ஈரப்புல் சீராக வெட்டுப்படாமல் பிய்யும். கிழிந்த நுனி பழுப்பேறும்.

* மழையில்லாத நாளில், காலைப் பனித்துளியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, நண்பகலுக்குப் பின் வெட்டுங்கள்.

* புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியை 4 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

* வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வெட்டத் தேவையில்லை.

* உறைபனி படிந்த புல்லை மிதிக்காதீர்கள். மிதித்த இடம் பிறகு காலடி வடிவிலேயே கருகித் தெரியும்.

* உதிர்ந்த இலைகளை அடிக்கடி வாரிவிடுங்கள். வெளிச்சம் மறைந்தால் புல் மஞ்சளாகும், பூஞ்சையும் பிடிக்கும்.

* தண்ணீர் தேங்கும் இடத்தில், மண் சற்று உலர்ந்ததும் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு மணல் தூவுங்கள்.

* தழைச்சத்து மிகுந்த உரத்தை வசந்தம்வரை தள்ளிப்போடுங்கள்.

* வேலை முடிந்ததும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே இயந்திரத்தின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுங்கள்.