பள்ளத்து வயல்

நிலமும் நீரும் கெட்டழிந்த ஒரு வருங்காலத்தில், உயிரியல் நுட்பம் செல்வர்க்கு ஒரு வாழ்வும் வறியவர்க்கு ஒரு வாழ்வும் வகுத்துவிடும் என்று கதை எழுதுவோர் உளர். மாணவர்களே, அவ்வளவு தொலைவு நாம் செல்லவேண்டா. அம்பாசமுத்திரத்து வயல் வரப்பில் நின்றே அவ்வினாவை ஆராயலாம்.

பொதிகையிற் பிறந்த தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளி சேர்ந்து, கார், பிசானம் என்னும் இரு போகத்திற்கும் நீர் தருகின்றது. 1937ஆம் ஆண்டில் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அது 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்னும் குண்டு நெல்லை அறியாத உழவர் நெல்லைச் சீமையில் அரியர்.

அத்தகைய வளநாட்டை 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெருமழை தாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. ஆறு கரைபுரண்டது, பிசானப் பயிர் மூழ்கியது.

நெல் நீரில் வளர்வதுதானே, அதனை வெள்ளம் என் செய்யும் என்று நீங்கள் வினவலாம். முழுதும் மூழ்கிய பயிர் காற்றைத் தேடி விரைந்து நீளும்; தன்பால் சேர்த்துவைத்த உணவையெல்லாம் அம்முயற்சியிலேயே செலவிட்டுவிடும். நீர் வடியும்போது அது சோர்ந்து சாய்ந்து மடியும். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றோ நீர் மூடியதும் வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும். நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கும். இவ்வியல்புக்குக் காரணமான மரபணுவை அறிஞர் கண்டறிந்து 2006இல் வெளியிட்டனர். 'சப்-1ஏ' என்பது அதன் பெயர். ஒட்டுமுறையால் அதனைப் பெற்ற சுவர்ணா சப்-1 நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஏறக்குறைய இரு வாரம் மூழ்கியிருப்பினும் அது பிழைக்கும்.

இந்நெல்லை ஒடிசாவின் சிற்றூர்களில் உழவரிடம் கொடுத்து ஆராய்ந்தோர், 2013இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. வெள்ளம் தேங்கும் பள்ளத்து நிலங்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினரிடமே மிகுதியாக இருந்தன. மேட்டு நிலம் பிறரிடம் சென்றது தற்செயல் அன்று. ஊரின் பழைய ஏற்றத்தாழ்வு வயலின் ஏற்றத்தாழ்விலும் படிந்திருந்தது. ஆகவே வெள்ளம் தாங்கும் விதையால் மிகுதியும் பயன்பெற்றோர் அவர்களே.

எல்லா விதையும் இவ்வாறு வேலை செய்வதில்லை. 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் மிகுந்த விளைவு தந்தது. ஆனால் உறுதியான பாசனமும் உரமும் வேண்டிற்று. கையில் பணம் உடையோரே அதனால் முதற்கண் பயன்பெற்றனர். வீரிய ஒட்டு விதையையோ பருவந்தோறும் விலைகொடுத்து வாங்கவேண்டும். சுவர்ணா சப்-1 தன் மகரந்தத்தாலேயே கருவுறும் நெல். உழவர் தம் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துவைக்கலாம். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் 2001ஆம் ஆண்டு உழவர் உரிமைச் சட்டமும் இடந்தருகின்றது.

ஒன்று மட்டும் எஞ்சுகின்றது. தாமிரபரணிக் கரையின் நன்செய்கள் நெடுங்காலம் மடங்களுக்கும் கோயில்களுக்கும் பெருநிலக்கிழார்க்கும் உரியனவாய் இருந்தன. சேற்றில் இறங்கி நாற்று நட்டோர் பலர்க்குச் சொந்த வயல் இல்லை. அத்தகையோர்க்கு வெள்ளம் தாங்கும் நெல் தருவது அறுவடைக் காலத்தின் சில வேலை நாள்களையே. பயிர் அழுகிய ஆண்டில் அந்நாள்களும் இல்லை.