கெர்னலுக்கு முகவரி சொல்வது யார்?

கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. தாய்ப்பலகைச் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிலைப்பொருள்தான் முதலில் ஓடுகிறது. அது பூட் லோடரை, அதாவது ஏற்றியை, அழைக்கிறது. ஏற்றி, கெர்னலை நினைவகத்தில் வைத்து ஓடவிட்டு விலகிக்கொள்கிறது. கெர்னலைக் ‘கரு’ என்று எழுத எனக்கும் ஆசைதான். நம் மருத்துவ மாணவர்கள் வேறு பொருள் கொள்வார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

வார இறுதிகளில் சிறு கெர்னல் ஒன்றை எழுதிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதில் என்னை அதிகம் ஈர்த்தது இந்தக் கைமாற்றம்தான். கணினியில் எத்தனை செயலிகள் உள்ளன, சாதனங்களின் குறுக்கீடுகள் எந்தச் சில்லின் வழியே வரும், மின்சாரத்தை நிறுத்த எந்தப் பதிவகத்தில் எதை எழுத வேண்டும் போன்ற செய்திகளை நிலைப்பொருள் அட்டவணைகளாக எழுதி வைக்கிறது. இண்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ வரையறைதான் இதற்கு அடிப்படை. அட்டவணைகள் நினைவகத்தில் எங்கும் இருக்கலாம். அவற்றின் தலைவாசல் ஆர்எஸ்டிபி என்னும் சிறு குறிப்பு. முதல் வரையறையில் அது 20 பைட். 2000-இல் வந்த இரண்டாம் வரையறையில் 36 பைட். அந்தக் குறிப்பின் முகவரி தெரியாவிட்டால் மற்ற எதுவும் தெரியாது.

பழைய பயோஸ் கணினிகளில் கெர்னலே தேடிக்கொள்ளும். முதல் ஒரு மெகாபைட்டின் கடைசி 128 கிலோபைட்டில் 16 பைட்டுக்கு ஓர் இடமாக 8192 இடங்களைப் பார்க்கும். பயோஸுக்குரிய இன்னொரு பகுதியின் முதல் ஒரு கிலோபைட்டில் மேலும் 64 இடங்கள். எட்டு எழுத்து அடையாளம் கிடைத்ததும் 20 பைட்டையும் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகையின் கடைசி எட்டு பிட்டும் சுழியமானால் குறிப்பு சரியானது. தேட வேண்டிய இடம் சிறியது என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

யூஇஎஃப்ஐ வந்ததும் நிலை மாறியது. குறிப்பு அந்தப் பழைய எல்லைக்குள் இருக்கும் என்ற உறுதி இப்போது இல்லை. நிலைப்பொருள் தன் அமைப்பு அட்டவணையில் அதன் முகவரியை எழுதி, ஏற்றியின் கையில் கொடுக்கிறது. தெரிந்தவர் ஏற்றி, தெரிய வேண்டியவர் கெர்னல். இடையில் யார், எந்த இடத்தில், எப்படி எழுதிக் கொடுப்பது? மல்டிபூட்டின் இரண்டாம் பதிப்பு குறிப்பையே நகலெடுத்து 14, 15 என்னும் எண்ணிட்ட பொட்டலங்களில் கொடுத்துவிடுகிறது. எனக்கு இம்முறை பிடிக்கும். லினக்ஸின் கதை அவ்வளவு எளிதாக அமையவில்லை.

ஜென் மென்பொருளில் பிவிஎச் எனப்படும் மெய்நிகர் கணினிகளுக்குப் பயோஸே கிடையாது. அங்கே முதலில் ஓடும் நிரலுக்கு ஜென் முகவரியைச் சொல்லிவிடும். அந்த நிரல் கிரப் ஏற்றியாக இருந்தால், அது லினக்ஸுக்கு எப்படிச் சொல்வது? 2018-இல் கெர்னல் கோப்பின் தலைப்பகுதியில் இதற்கென ஒரு புலம் சேர்த்து, தொடக்க நெறிமுறைக்கு 2.14 என எண்ணிட்டார்கள். இந்தத் தகவல் தலைப்பகுதியில் இருக்கக் கூடாது எனப் பீட்டர் ஆன்வின் சுட்டிக்காட்டினார். மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அந்த முகவரி, ஏற்றி நிரப்பித் தரும் 4096 பைட் பக்கத்தின் 112-ஆம் இடத்தில், 8 பைட்டாக இருக்கிறது. 2.14-ஐப் பயன்படுத்தாதீர்கள், 2.13 என்றே கொள்ளுங்கள் என ஆவணத்தில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை நிற்கிறது. அடுத்த பதிப்பு 2.15. இருவர் பேசிக்கொள்ளும் நெறியில் ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் வந்துவிட்டால், ஒரு தரப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. அந்த எண்ணையே இழக்கத்தான் வேண்டும்.

இதைவிட முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. கெர்னல் நிலைகுலையும்போது நினைவகத்தைச் சேமிக்க இரண்டாவது கெர்னல் ஒன்றை நேரடியாக ஓட்டுவார்கள். அப்போது நிலைப்பொருள் மீண்டும் ஓடுவதில்லை. முதல் கெர்னல்தான் முகவரியைச் சொல்லியாக வேண்டும். அதற்காக, முகவரியைக் கட்டளை வரியிலேயே எழுதும் வசதியும் உண்டு. சொல்லாமல் விட்டால் இரண்டாவது கெர்னல் தடுமாறும். முதலாவது ஏன் விழுந்தது என்பதற்கான சான்றும் போய்விடக்கூடும்.

அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏசிபிஐ அட்டவணைகளில் வெறும் எண்கள் மட்டுமல்ல, கெர்னல் படித்து நிறைவேற்றும் குறிமுறையும் உள்ளது. கட்டளை வரியில் பொய் முகவரி எழுத முடிந்தவர் பொய் அட்டவணையையும் கொடுக்கலாம். ஆகவே பூட்டிய நிலையில் ஓடும் லினக்ஸ், கட்டளை வரியில் வரும் முகவரியைப் புறக்கணிக்கிறது. ஏற்றி எழுதிக் கொடுத்ததை நம்புகிறது.

ஏற்றி எழுத விரும்பும் இளையோருக்கு ஒரு சொல்: முகவரியைக் கொடுத்தால் மட்டும் போதாது. அட்டவணைகள் இருக்கும் பகுதியை நினைவக வரைபடத்தில் ஏசிபிஐக்கு உரியதெனக் குறித்தும் தர வேண்டும். இல்லாவிடில் கெர்னல் அதைக் காலியிடமாக எண்ணி மேலே எழுதிவிடும்.

உங்கள் லினக்ஸ் கணினியின் தொடக்கப் பதிவைத் திறந்து, ஏசிபிஐ, ஆர்எஸ்டிபி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். முதலில் முகவரி, அடுத்து நீளம். நீளம் 24 என்றிருந்தால் வியக்க வேண்டாம். அது பதினாறடிமான எண். நம் கணக்கில் 36.