சிறியன சேர்ந்து செய்த பெரும்பணி



ஒருவருடைய பெரும்பணியைக் கண்டு வியக்கும்போது அவருடைய அறிவையும் உழைப்பையுமே நாம் பெரும்பாலும் பேசுகின்றோம். அவ்வறிவு எவ்வழியில் வந்தது, அவ்வுழைப்பு ஏன் அந்தத் திசையில் திரும்பிற்று என்று ஆராய்ந்தால், சின்னஞ்சிறு நிகழ்ச்சிகளே விடையாகக் கிடைக்கும். இளமையிற் பழகிய ஒரு பழக்கம், பெரியவர் ஒருவர் கேட்ட ஒரு கேள்வி, தாமே பட்ட ஓர் இடர் ஆகியவை ஒருவரை உருவாக்குகின்றன. அவர் செய்யும் பணியிலும் அவற்றின் அடையாளம் பதிந்துவிடுகின்றது. இவ்வுண்மையைத் 'தமிழ்த் தாத்தா' டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்க முனைகின்றோம்.

ஏடு எழுதிய கை

சோழநாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையிற் சிறக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுடைய உள்ளமோ தமிழையே நாடியது. 1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார்.

பிள்ளையவர்கள் செய்யுளை வாயாற் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் அருகிருந்து பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவார். ஏட்டெழுத்து இன்றைய அச்செழுத்தைப் போன்றதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. 'கால்' எது, 'ர' எது என்று கண்டறிவது அரிது. பொருள் உணர்ந்தவரே ஏட்டைப் பிழையற வாசிக்கமுடியும். மாணவப் பருவத்தில் அன்றாட வேலையாகச் செய்த இந்த எழுத்துவேலை, பிற்காலத்திற் பல ஏடுகளை ஒப்புநோக்குவதற்கு வேண்டிய கண்ணையும் கையையும் அவருக்குப் பழக்கிவிட்டது. ஏடெழுதுவோர் எவ்விடத்தில் தவறுவர் என்பது, தாமே ஏடெழுதியவருக்கு எளிதிற் புலப்படும் அன்றோ?

ஒரு கேள்வி

1880 ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியரானார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை இளம் ஆசிரியர் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கருத்தில் அவர் மேலும் கேட்டார். சாமிநாதையர் அந்நூலைப் படித்ததில்லை. பின்னர் முதலியாரே தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார்.

அப்போது சாமிநாதையருக்கு வயது 25. அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கருதி மறந்திருக்கலாம். அவரோ அதனை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். சிந்தாமணி சமண நூல். அவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். பல சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. ஆகவே கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். ஒருநாள் அங்கே ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணியைப் பல மாதங்களாகப் படித்து நிறைவுசெய்த கொண்டாட்டம் என்றனர். கல்லூரி அறியாத நூல் ஒரு வீட்டில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தது! நூலறிவு மக்களிடத்திலும் இருக்கின்றது என்பதை அந்த விழாவே அவருக்கு உணர்த்தியது. 1887 இல் சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் தொடர்ந்தன.

தம் இடர், பிறர்க்கு வழி

சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுகின்றார். பல இடங்களில் அந்நூல்களின் பெயரைச் சொல்வதில்லை. அவ்வடிகள் எங்கிருந்து வந்தன என்று தேடித் தேடிச் சாமிநாதையர் களைத்தார். தாம் பட்ட துன்பத்தைத் தமக்குப்பின் வருவோர் படலாகாது என்று எண்ணினார் போலும். அவருடைய பதிப்புகளில் நூலாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, பாடபேதம், மேற்கோள் விளக்கம் ஆகியவை இடம்பெற்றன. இன்று பழைய நூலொன்றைத் திறந்து நாம் எளிதாகப் பொருள் காண்கின்றோம். அந்த எளிமைக்குப் பின்னே ஒருவருடைய இடர் இருக்கின்றது.

பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கின்றார். கிடைத்த ஏடுகளில் அப்பகுதியிற் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. இத்தனை மலர்கள் இருக்கச் சில போனால் என்ன என்று அவர் இருந்துவிடவில்லை. தருமபுர ஆதீனத்துச் சுவடிகளுள் தேடி, விடுபட்ட பகுதியைக் கண்டெடுத்தார். இதனை 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையிலே சுவைபட எழுதியுள்ளார்.

நமக்கு இதனால் என்ன?

அம்மலர்ப் பெயர்களை எமது வகுப்பிற் கரும்பலகையில் எழுதியபோது, பிள்ளைகளுக்கு அவை வெறும் எழுத்துகளாகவே இருந்தன. மகளை அழைத்துச் செல்ல வந்த தந்தையார் ஒருவர் வாசலில் நின்று வாசித்துவிட்டு, "காந்தள் எண்டால் எங்கட கார்த்திகைப் பூதானே, சேர்!" என்றார். அவரை உள்ளே அழைத்தோம். அது தம் வீட்டு வேலியிற் படர்ந்திருந்ததையும், கிழங்கு நஞ்சு என்று பாட்டி எச்சரித்ததையும், இதழ்கள் மஞ்சளாகித் தீப்போலச் சிவப்பதையும் அவர் கூறினார். தாழை நின்ற கடற்கரையையும் ஆவரசு பூத்த வெளியையும் சொன்னார். மறுவாரம் பிள்ளைகள் அனைவரும் காந்தளை வரைந்துகொண்டு வந்தனர். அவர் மகள் வேலியையும் சேர்த்து வரைந்திருந்தாள்.

நாம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது நூல்களைக் கொண்டுவர முடியவில்லை. பாடக்குறிப்புக் கொப்பிகளும் மாணவர் இடாப்பும் பாடசாலையிலேயே கிடந்தன. இங்கு வந்து, நினைவில் நின்றவற்றைக் கொண்டே கற்பிக்கத் தொடங்கினோம். கண்ணாற் கண்டதையும் கையாற் செய்ததையும் முன்வைத்துப் பாடம் சொல்லும் முறை எமக்கு அவ்வாறே வந்தது.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத சுவடிகள் மீளவேயில்லை. நம் வீட்டுப் பெரியோரும் வேறு பிரதி இல்லாத சுவடிகளே. அப்பம்மா அறிந்த மருந்து, தாத்தா பார்த்த தொழிலின் சொற்கள், அம்மா நடந்து சென்ற பாடசாலைப் பாதை ஆகியவை எந்த நூலகத்திலும் இல்லை.

சாமிநாதையர் தம் முதுமையில் 'என் சரித்திரம்' எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடனில் அது வெளிவந்தது. 1942 இல் அவர் மறைந்தமையால் நிறைவுறவில்லை. எனினும் எழுதிய அளவிலே ஒரு காலத்தின் ஊரும் உணவும் பாட்டும் நமக்குக் கிடைத்தன. முழுவதும் எழுதி முடிப்போம் என்று காத்திராமல், நினைவில் உள்ளதை இன்றே தொடங்குவதே தக்கது.

பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வருகின்றீர்கள் என்பதை நாம் அறிவோம். கிழமைக்கு ஒருநாள், உணவுவேளையில், உங்கள் இளமையிலிருந்து ஒரு சிறு செய்தியைப் பிள்ளைக்குத் தமிழிற் சொல்லுங்கள். அதுவே நாம் இங்கு நடத்தும் பாடத்துக்கு வேராகும். மாணவர்களே, பெரியோரிடம் கேளுங்கள். நீங்கள் மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், ஓவியராகலாம். எப்பணி செய்தாலும், இன்று கேட்டறிந்த ஒரு சிறு செய்தி அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

பயிற்சி

1. இராமசுவாமி முதலியாரின் கேள்வி சாமிநாதையரின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றியது? ஐந்து வசனங்களில் எழுதுக.

2. ஏட்டெழுத்தை வாசிப்பது ஏன் கடினம்? இரண்டு காரணங்கள் தருக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் ஊரிலிருந்த ஒரு மரத்தை அல்லது பூவைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, கீழே அவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்துக் கொண்டுவருக.