பூட்டு இருந்தால் போதுமா? நமது பள்ளிகளின் பாதுகாப்பு குறித்து ஒரு பாடம்

நமது ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் நர்சரிப் பள்ளிகள், மெட்ரிகுலேஷன் பள்ளிகள், விடுதியுடன் கூடிய மதரஸாக்கள் பல உள்ளன. காலையில் வாயிலில் விடப்படும் ஒவ்வொரு பிள்ளையும் மாலை வரை நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நிர்வாகக் கூட்டங்களில் தேர்ச்சி விகிதம் பற்றியும் கட்டணம் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தால், "கேமரா வைத்தாயிற்று, வாட்ச்மேன் இருக்கிறார்" என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஆபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

கும்பகோணம் சொல்லும் பாடம்

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த தனியார் பள்ளியில் காலை நேரத்தில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பிடித்த தீ, மாடியின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் வகுப்பறைகளுக்குள் சரிந்தன. வெளியேறுவதற்கு இருந்தது ஒரு குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலானோர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்.

எச்சரிக்கை இல்லாமல் வந்த விபத்தல்ல அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபப் பந்தல் எரிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கும்பகோணத்துக்கு ஆறே மாதம் முன்பு நடந்தது அது. மூன்று இடங்களிலும் எரிந்தது கீற்று. மூன்று இடங்களிலும் மக்கள் விரைவாக வெளியேற முடியவில்லை.

கும்பகோணம் துயரத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் அது பொருந்தும். தீயணைப்புக் கருவிகள் வைக்க வேண்டும், எளிதில் தீப்பற்றும் பொருள்களை அகற்ற வேண்டும், கட்டடத்தின் உறுதியைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும், பணியாளர்களுக்குக் கருவியைக் கையாளும் பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம்.

பூட்டுக்கு இரண்டு பக்கம்

அந்நியர் உள்ளே வராமல் இருக்க கேட்டைப் பூட்டுகிறோம். ஜன்னலுக்குக் கம்பி போடுகிறோம். விடுதிப் பிள்ளைகள் இரவில் வெளியே போகாமல் இருக்க கதவைத் தாழிடுகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளியாளைத் தடுக்கும் அதே பூட்டு, புகைக்குள் ஓடிவரும் பிள்ளையையும் தடுக்கும்.

ஆகவே ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். சாவி அவரிடம் இருக்க வேண்டும். அவர் அங்கேயே இருக்க வேண்டும். அவர் தொழப் போனால், சாப்பிடப் போனால், சாவி யாரிடம் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். விடுதியை வெளியிலிருந்து பூட்டவே கூடாது. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாளே நல்லது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் இறங்க இரண்டு வழிகள் இருக்க வேண்டும். இரண்டாவது படிக்கட்டின் கீழே பழைய பெஞ்சுகளை அடுக்கியிருந்தால், அந்தப் பள்ளிக்கு இருப்பது ஒரு வழிதான்.

முதல் சில நிமிடங்கள்

தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் வந்து சேர நேரமாகும். அதுவரை இருப்பவர்கள் ஆசிரியர்கள், ஆயா, சமையல்காரர், வாட்ச்மேன், டிரைவர் ஆகியோர்தான். பயிற்சியை ஆசிரியர்களோடு நிறுத்திவிடக் கூடாது. கும்பகோணத்தில் தீ தொடங்கியது சமையலறையில் என்பதை நினைவில் வையுங்கள்.

தீயணைப்பு சிலிண்டரைப் பயன்படுத்துவது கடினமல்ல: ஊசியை இழுக்க வேண்டும், குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும், கைப்பிடியை அழுத்த வேண்டும், இருபுறமும் வீச வேண்டும். பள்ளிகளில் மாட்டியிருக்கும் சிறிய சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீயோடு போராடாமல் பிள்ளைகளை வெளியேற்றுவதே சரி. எண்ணெய்த் தீக்கும் மின்சாரத் தீக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அப்போது ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். எந்த மின் சுவிட்சையும் தொடக் கூடாது.

வேலைகளை முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள். மணி அடிப்பவர் ஒருவர். 101 அல்லது 112-க்கு அழைப்பவர் ஒருவர். மின் இணைப்பைத் துண்டிப்பவர் ஒருவர். கழிப்பறை வரை பார்த்து, யாரும் விடுபடவில்லை என்று உறுதி செய்பவர் ஒருவர். நடக்க இயலாத பிள்ளை இருந்தால், அவரைத் தூக்கிவரப் பெயர் குறித்து ஒருவர். ஒவ்வொருவருக்கும் மாற்று ஆளும் வேண்டும். வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு கடைசியாக வெளியே வர வேண்டும். மைதானத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணிய பிறகுதான் "எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்று சொல்லலாம்.

வாயிலில் வருபவர்

வருபவர் யாராக இருந்தாலும் பெயர், நேரம், யாரைப் பார்க்க வந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். டிரஸ்டியின் உறவினர் என்றாலும் விதிவிலக்கு கூடாது. பிள்ளையை அழைத்துப் போகத் தகுதி உள்ளவர்களின் பெயர்களைப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் "நான் அவனுடைய மாமா" என்று வந்தால், தாய் தந்தையை அலைபேசியில் கேட்காமல் அனுப்பக் கூடாது. அதைக் கேட்கும் துணிவு வாட்ச்மேனுக்கு வர வேண்டுமானால், கேட்டதற்காக அவரை யாரும் ஏசக் கூடாது.

உள்ளே இருப்பவரால் வரும் ஆபத்து

பிள்ளைகளுக்கு ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்பது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. சட்டத்தின் பார்வையில் அது குற்றமும் ஆகும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

ஒத்திகை

ஏட்டில் இருக்கும் திட்டம் புகைக்குள் நினைவுக்கு வராது. கால்கள் பழகியிருக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டு ஒரு முறை, விடுதியில் இரவில் ஒரு முறை. எத்தனை நிமிடம் ஆயிற்று, எங்கே நெரிசல், யார் தடுமாறினார் என்று எழுதி வையுங்கள். தடுமாறியவரைக் குறை சொல்ல வேண்டாம். தடுமாற்றம் ஒத்திகையில் தெரியவந்தது நன்மையே. சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் "தீ" என்று பயமுறுத்தாமல், மணி அடித்தால் டீச்சர் பின்னால் வரிசையாகப் போக வேண்டும் என்று ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. இன்று பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது?
2. வளாகத்தில் கீற்று, தகரத்தின் கீழ் தெர்மகோல் போன்ற தீப்பற்றும் கூரை எங்காவது உள்ளதா?
3. தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? அதைக் கையில் எடுத்துப் பழகியவர்கள் எத்தனை பேர்?
4. கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது?
5. ஒரு பிள்ளை புகார் சொன்னால், அதை யார் கேட்பார்? அன்றே யாருக்குத் தெரிவிப்பார்?

ஐந்துக்கும் உடனே பதில் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். பதில் வராத கேள்வியின் எதிரே ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள். சிலிண்டர் வாங்கப் பணம் வேண்டும். படிக்கட்டின் கீழ் கிடக்கும் பெஞ்சுகளை அகற்ற இரண்டு பேரும் ஒரு மாலை நேரமும் போதும். அதிலிருந்து தொடங்கலாம்.